மில் மூடிய அன்று அழாத வீடு

போன மாதம் நம்மில் ஒருவர் நம் மரம் அறுக்கும் மில் இருந்த மில்லடியின் பழைய படம் ஒன்றைக் கைபேசிக் குழுவில் போட்டிருந்தார். தகரக் கூரை, பின்னால் புகைக்குழாய், முன்னால் அடுக்கிய மரக்கட்டைகள், மூலையில் பாதி உடம்பு மட்டும் விழுந்த ஒரு நாய். படத்துக்குக் கீழே எல்லோரும் கண்ணீர்விடும் முகங்களாகப் போட்டுத் தள்ளினீர்கள். மொனராகலையில் இருப்பவர், திருச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தவர், கொழும்பில் பேரப்பிள்ளை பார்ப்பவர், ஒருவர் விடாமல். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து உங்களில் ஒருத்தி என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

"ஏன்டி, ஒங்கப்பாதானே பெரிய வாள்ல நின்னவரு? ஒனக்கு ஒண்ணுமே தோணலையா?"

தோன்றியது. ஆனால் அதைக் குழுவில் எழுத மனம் வரவில்லை. மில் மூடிய அன்று நம் வரிசைவீட்டு லயம் முழுக்க அழுதது. எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. அது ஏன் என்று உங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. இப்போது எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

பசறையிலிருந்து நமுனுகுல போகிற பாதையில் இப்போது பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தொலைபேசிக் கடையும், தரைக்கு ஓடு விற்கிற கடையும் இருக்கின்றன. அங்கே மரம் அறுத்தார்கள் என்று சொன்னால் கடைக்காரப் பையன் நம்பமாட்டான். நம்முடைய காலத்தில் அந்தச் சந்திக்கே மில்தான் உயிர். தோட்டங்களில் வெட்டிய மரம் மாட்டு வண்டியிலும் லொறியிலும் வரும். தேயிலைப் பெட்டிக்கான பலகையாகத் திரும்பிப் போகும். காலை சங்கு ஊதினால் எழும்புவோம், மாலை சங்கு ஊதினால் அப்பாக்கள் வருவார்கள். நம் வீடுகளில் கதவு, கட்டில், புத்தகப் பெட்டி, கோழிக்கூடு எல்லாமே கழித்துப்போட்ட பெட்டிப் பலகைதான். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே எங்கள் வீட்டுக் கதவில் தலைகீழாக அச்சடித்திருந்த ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரைத்தான்.

மரத்தூள் அடுப்பை மறந்திருக்கமாட்டீர்கள். தகர வாளியின் அடியில் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். பிறகு போத்தலைத் திருகி உருவினால் நடுவில் அழகாகக் குழாய்போல் ஓர் ஓட்டை நிற்கும். அடியில் நெருப்பு வைத்தால் அரைநாள் நின்று எரியும். போத்தலை அசையாமல் பிடிப்பது என் வேலை. அம்மா உலக்கைக் கட்டையால் இடிப்பாள். எங்கள் அம்மாவைப்போல் அடுப்பு கட்ட லயத்தில் ஆள் கிடையாது. அதில் அவளுக்கு நல்ல பெருமையும் உண்டு.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம், காத்துக் காலத்துக்குச் சற்று முன்னால், மொனராகலைப் பக்கமிருந்து முதிரை மரம் வரத் தொடங்கியது. கொழும்பில் யாருக்கோ பெரிய வீடு கட்டுகிறார்களாம், அதற்குத் தரைப்பலகை என்றார்கள். அதுவரை நாம் பார்த்ததெல்லாம் வெள்ளைத் தூள். இது மஞ்சள். புதிதாக இடித்த மஞ்சள்தூளின் நிறம். லேசாக ஒரு வாசனையும் வரும். காற்று எழும்பியபோது சந்தி முழுக்க அந்தத் தூள் பறந்தது. காயப்போட்ட வேட்டியில், பள்ளிக்கூடத்துக் கொப்பியில், தலைமயிரில், சோற்றில்கூட மஞ்சள். கோயில் மஞ்சள்போல் இருக்கிறதென்று சிலர் நெற்றியில்கூடப் பூசிக்கொண்டார்கள்.

பெரிய வாளில் நின்றவர் என் அப்பா. உயரமான மனிதர், பேச்சு குறைவு. ஒரு கட்டையைக் கண்ணால் பார்த்தே இதில் இத்தனை பலகை வரும் என்று சொல்லிவிடுவார். முதிரை வந்த இரண்டாம் வாரம் அவருக்கு இருமல் தொடங்கியது. முதலில் காலையில் மட்டும். பிறகு படுத்தால். பிறகு பேசினால். ஒருநாள் முகம் கழுவிய துண்டை அம்மா துவைக்க எடுத்தபோது அதில் இரத்தம் இருந்தது.

மில்லில் முன்பு ஒருவருக்குக் காசநோய் வந்து, கொழும்புப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. தந்திதான் வந்தது. அதற்கடுத்த வாரமே அவர் பெண்டாட்டி பிள்ளைகள் லயத்துக் காம்பரா வீட்டைக் காலிசெய்தார்கள். எல்லோருக்கும் அது நினைவிருந்தது. அதனால் அம்மா யாரிடமும் சொல்லாமல், அடுத்த காம்பராவில் இருந்த அத்தையை மட்டும் கூட்டிக்கொண்டு பசறைக்குப் போனாள். அத்தை அப்பாவின் அக்கா. அங்கே மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் ஊசியும் போடுவார், பல்லும் பிடுங்குவார். அவர் அப்பாவைப் பார்க்கவேயில்லை. துண்டைத்தான் பார்த்தார்.

"இதுக்கு மேல என்னத்தப் பாக்குறது? சயரோகந்தான். புள்ளைகள கிட்ட விடாதீங்க."

அவ்வளவுதான். அப்பாவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். பதுளைக்குப் போனால் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள், மில்லைப் பார்த்துக்கொள்ளும் கிளாக்கர் ஐயாவுக்குத் தெரிந்தால் வீடு போய்விடும் என்று மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசினார்கள். கடைசியில் ஒரு முடிவு. அப்பா வழக்கம்போல் வேலைக்குப் போவார். ஆனால் வீட்டுக்கு வரமாட்டார். ஓடைக்கு அந்தப் பக்கம் பலகை உலர்த்துகிற கொட்டகை இருந்ததே, அங்கே காவலுக்குப் படுக்கிறேன் என்று கிளாக்கர் ஐயாவிடம் கேட்டுக்கொள்வார். முட்டையும் ஆட்டுக்கால் ரசமும் கொடுத்து உடம்பைத் தேற்றிவிடலாம் என்றாள் அத்தை.

கிளாக்கர் ஐயா சந்தோஷமாகச் சம்மதித்தார். கேட்காமலே காவல்காரன் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்தக் கொட்டகையில் என்ன அடுக்கியிருந்தார்கள் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். முதிரைப் பலகை. பகலெல்லாம் அந்தத் தூளைத் தின்றுவிட்டு, அதன் நடுவிலேயே போய்ப் படுத்தார் மனுஷன். இருமல் கூடியது. கூடக்கூட, மருந்துக்கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள்.

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பாவுக்குக் காவல் வேலை, கிட்டப் போகாத" என்றாள் அம்மா. அப்பாவின் நீல இனாமல் கோப்பையின் காதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். அதை நான் தொட்டபோது கையில் ஓர் அடி போட்டாள். அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓடையின் இந்தக் கரையில் போய் நிற்பேன். அப்பா வேலை முடிந்து அந்தக் கரைக்கு வருவார். ஓடை பெரிதில்லை. தாவினால் தாண்டிவிடலாம்.

"என்னாத்தா, சாப்புட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம். என்னா கறி?"

"கெழங்கு. அப்பா, நான் அங்கிட்டு வரவா?"

"வேணாம். அங்கனயே நில்லு. வாய்ப்பாடு சொல்லு பாப்பம்."

ஏழாம் வாய்ப்பாடு சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிடும். திரும்பிக்கொண்டு இருமுவார். ஒருநாள் அப்படித் திரும்பியிருந்தபோது நான் கல்லுக்குக் கல் கால்வைத்து ஓடையைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தவர் முகம் மாறிப்போனது. குனிந்து ஒரு கல்லை எடுத்து என் காலுக்கு முன்னால் எறிந்தார்.

"போடீ அங்கிட்டு! போ!"

என்னை அவர் டீ போட்டுக் கூப்பிட்டதேயில்லை. அழுதுகொண்டே ஓடினேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் கரைக்குப் போகவில்லை. அந்த ஒரு வாரமும் அவர் ஒவ்வொரு நாளும் வந்து நின்றுவிட்டுப் போனாராம். இதை அவர் சொல்லவில்லை. பல வருடம் கழித்து அத்தை சொன்னாள்.

அந்த வாரம்தான் எனக்கும் இருமல் வந்தது.

அம்மாவின் முகம் அன்று எப்படி ஆனது என்று என்னால் எழுத முடியாது. என்னை மடியில் போட்டுக்கொண்டு, என் வாய்க்குள் விரலைவிட்டு இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள். இரத்தம் இல்லை. இருந்தாலும் மறுநாள் காலை சங்கு ஊதும் முன்பே அவள் மில் வாசலில் போய் நின்றாள். பதுளை ரயில் நிலையத்துக்குப் பலகை ஏற்றிப்போகும் லொறிக்கார மாமாவிடம், "எங்க மூணு பேரையும் ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுருங்கண்ணே" என்றாள். அத்தை ஓடிவந்து தடுத்தாள்.

"போனா அனுப்பிருவாங்க. ரெண்டு பேரையும் அனுப்பிருவாங்கடி!"

"அனுப்பட்டும் மதினி. நானும் கூடவே போறேன். வீடு போனா போகட்டும்."

அம்மாவும் நானும் முன்னால் ஏறினோம். அப்பா பின்னால் பலகை அடுக்கின்மேல் தனியாக உட்கார்ந்தார். அன்று ஏற்றியிருந்தது பெட்டிப் பலகை. பசறையைத் தாண்டி வளைவு வளைவாக இறங்கும்போது நான் பின்பக்கச் சின்னக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வழியில் இரண்டோ மூன்றோ தடவைதான் இருமினார். அதை எங்களில் யாரும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அறை குளிர்ந்துபோய்க் கிடந்தது. சட்டையைக் கழற்றி, நெஞ்சை ஒரு தகட்டில் ஒட்டி, "மூச்சை இழு, பிடி" என்றார்கள். மூச்சைப் பிடித்தால் இருமல் வந்தது. நோய் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து அதை அடக்கினேன். பிறகு நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அப்பா வாங்கின் அந்த நுனியில், நாங்கள் இந்த நுனியில். நடுவில் நாலு பேர் உட்காரலாம். யாரும் உட்காரவில்லை.

பகல் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். டொக்டர் ஒரு சிங்களப் பெண். கண்ணாடி போட்டவர், வயது ஐம்பது இருக்கும். தமிழ் தெரிந்த ஒரு தாதி பக்கத்தில் நின்று மாற்றிச் சொன்னார். டொக்டர் முதலில் அப்பாவின் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னுடையதை. பிறகு மறுபடி அப்பாவுடையதை. அம்மா என் தோளை அழுத்திய அழுத்தில் எனக்கு வலித்தது.

"நெஞ்சு சுத்தமா இருக்காம்," என்றார் தாதி. "ரெண்டு பேருக்கும்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "ரத்தம் வருதுங்களே" என்றாள்.

டொக்டர் ஒரு சிறிய விளக்கை எடுத்து அப்பாவின் மூக்குக்குள் பார்த்தார். உள்ளே எல்லாம் வெந்து புண்ணாகக் கிடக்கிறது, இரத்தம் அங்கேயிருந்துதான் தொண்டைக்கு இறங்குகிறது என்றார். பிறகு அப்பாவின் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார். முழங்கைவரை தடித்துச் சிவந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. அம்மாவே அதை அப்போதுதான் பார்த்தாள். டொக்டர் எழுந்துவந்து, அப்பாவின் சட்டைப் பையை அப்படியே வெளியே இழுத்து, ஒரு வெள்ளைக் கடதாசியின்மேல் உதறினார். மஞ்சள் தூள் விழுந்தது.

"மே மொகக்த?" என்றார். இது என்ன?

அப்பா மரத்தின் பெயரைச் சொன்னார். எப்போதிருந்து அறுக்கிறீர்கள், எப்போதிருந்து இருமல் என்று டொக்டர் கேட்டார். அப்பா விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கே விளங்கிவிட்டது.

"இந்தத் தூள் சில பேருக்கு ஆகாதாம். மரத்துல வேலை செய்யுறவங்க இப்பிடி முன்னாலயும் வந்திருக்காங்களாம்," என்றார் தாதி. "புள்ளைக்கு ஏன் வந்துச்சுன்னு கேக்குறாங்க. இது வீட்டுக்கு வருமா?"

அம்மா மெதுவாகச் சொன்னாள். "அடுப்புக்கு எடுப்பமுங்க."

"இந்த மஞ்சத் தூளையா?"

"நல்லா நின்னு எரியுமுங்க. வாசமாவும் இருக்கும்."

"எங்க வச்சிருக்கீங்க?"

"சாக்குல. புள்ள படுக்குற பக்கத்துல. செவத்து ஓட்டையில காத்து வரும், அதுக்கு அண்டக் குடுத்து வச்சிருக்கேன்."

தாதி அம்மாவை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் அதை டொக்டருக்குச் சொன்னார். டொக்டர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அம்மாவின் கையை ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். எட்டு வாரமாக அப்பாவை வீட்டைவிட்டுத் தள்ளிவைத்துவிட்டு, நோயை மட்டும் மூட்டை கட்டி என் தலைமாட்டில் வைத்திருந்தோம் என்பது அம்மாவுக்கு அந்தத் தட்டில் விளங்கியது.

வெளியே வந்ததும் அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவைத் திட்டத் தொடங்கினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"ஒடம்பு பூரா இப்பிடித் தடிச்சுக் கெடக்கே, வாயத் தெறந்து சொன்னா என்னா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "சாகப்போறவனுக்கு அரிப்பு என்னா பெரிய விசயமுன்னு இருந்துட்டேன்."

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாங்கில் இருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். அப்பா பழக்கத்தில் வேறு மேசையில் போய் உட்கார்ந்தார். அம்மா எழுந்துபோய், அவர் பாதி குடித்து வைத்திருந்த கிளாஸை எடுத்து மீதியை ஒரே மூச்சில் குடித்தாள். கிளாஸை வைத்துவிட்டு, "இங்கிட்டு வாங்க" என்றாள். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முழங்கை என்மேல் பட்டது. கல்லெறிந்ததற்கு நான் வைத்திருந்த கோபம் எந்த இடத்தில் போனது என்று கேட்டால், அந்த இடத்தில்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாக்கை இழுத்துக்கொண்டுபோய் பாதைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் கவிழ்த்தாள். காம்பராவைக் கூரைவரை கழுவினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விறகுதான். உங்கள் வீடுகளில் சிரித்தீர்கள். மில் லயத்தில் இருந்துகொண்டு விறகு பொறுக்கப் போகிறாள் பார் என்றீர்கள். அத்தை கடைசிவரை நம்பவில்லை. டொக்டர்மார் நம்மைப் பயப்படுத்தக்கூடாதென்று மறைக்கிறார்கள் என்று சொல்லி, இன்னும் ஒரு மாதம் தன் பிள்ளைகளை எங்கள் வாசலுக்கே விடவில்லை.

அப்பா டொக்டரின் கடிதத்தைக் கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். கிளாக்கர் ஐயா கெட்டவர் இல்லை. கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"முதிரையால வியாதியா? எங்க வீட்டு அலுமாரி முதிரைதானப்பா. பதினைஞ்சு வருசமா இருக்கு. எனக்கு ஒண்ணும் வரலையே."

"அறுக்குறப்பத்தாங்க ஐயா. தூள்..."

"சரி, வாள்ல நிக்க வேற யாரு இருக்கா சொல்லு. நீயே ஒரு ஆளக் காட்டு, ஒன்னைய மாத்தி விட்டுர்றேன்."

காட்ட ஆள் இல்லை. அப்பா ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மறுபடி வாளுக்குப் போனார். கொட்டகையில் படுப்பதை விட்டதால் இருமல் கொஞ்சம் தணிந்தது. என் இருமல் பத்து நாளில் போயே போய்விட்டது. ஆனால் அவருக்கு முழுதாக விடவில்லை. படுத்தால் இழுப்பு வரும். இரண்டு தலையணையில் சாய்ந்து, பாதி உட்கார்ந்தபடிதான் தூங்குவார். நெஞ்சுக்குள் கதவு திறந்து மூடுகிறமாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். காய்ந்த துண்டை நனைத்து நனைத்துக் கட்டிக்கொண்டு இன்னும் எத்தனை வருடம் ஓட்டப்போகிறார் என்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை. வாளில் அவர் நிற்காவிட்டால் வீடு இல்லை. நின்றால் அவர் இல்லை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

காத்துக் காலம் முடியும் சமயம் பதுளையிலிருந்து மில் முதலாளியின் கார் வந்தது. காட்டில் மரம் வெட்ட அனுமதி நின்றுவிட்டது, தேயிலைக்கும் இனிக் கடதாசிப் பைதானாம், பெட்டி கேட்பார் இல்லை என்று கிளாக்கர் ஐயா எல்லோரையும் முற்றத்தில் கூட்டிவைத்துச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலே உடைந்தது. ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். உங்கள் அம்மாக்களும்தான். கூட்டத்தின் பின்னாலிருந்து என் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"அப்ப நாளைக்கு ஓடாதுங்களா ஐயா?"

"ஓடாதும்மா."

"நாளன்னைக்கு?"

"இனி ஓடவே ஓடாதும்மா. முடிஞ்சிருச்சு."

அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் அவள் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னார்கள். நான் அவள் நெஞ்சுயரம்தான் இருந்தேன். கீழேயிருந்து பார்த்த எனக்கு முந்தானைக்குள் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதைத்தான் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தேன். உங்கள் வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்களுக்கும் சுகமாகப் போய்விடவில்லை. சிலர் மொனராகலைக்குக் கரும்பு வெட்டப் போனீர்கள், சிலர் இந்தியாவுக்குக் கப்பலேறினீர்கள். அப்பா ஒரு தோட்டத்துக் கன்றுமேட்டில் தேயிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தார். பெரிய வாளில் நின்ற மனிதன் பூவாளி தூக்கிப் போவதைச் சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள். பரிதாபப்பட ஒன்றுமில்லை. அந்தப் பூவாளியோடு அவர் எண்பத்திரண்டு வயதுவரை இருந்தார். என் மகளின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாரே, நீங்களும் பார்த்தீர்களே.

ஆனால் எனக்கு மில் என்றால் நினைவுக்கு வருவது வேறொரு காலை. மில் நின்று பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். முதல் மழை பெய்து, தகரத்திலும் இலையிலும் படிந்திருந்த மஞ்சளெல்லாம் கழுவிப் போயிருந்தது. சங்கு இல்லாததால் நான் நேரம் சென்றுதான் விழித்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா அப்பாவின் பாய் அருகே முழங்காலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா தலையணை இல்லாமல், மல்லாந்து, கைகால் நீட்டிப் படுத்திருந்தார். வாய் மூடியிருந்தது. இருமல் இல்லை, இழுப்பு இல்லை, நெஞ்சிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. மெதுவாகக் குனிந்து, ஒரு விரலை அவர் மூக்குக்குக் கீழே வைத்தாள்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"என்னா?"

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் அம்மா. "தூங்குங்க."

அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினார்.